மதியத்து வெயில், மாலை விளக்கு: நாளைய மின்சாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்துறையில் வேலை பார்ப்பவனைக் கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு யாரும் சும்மா விடுவதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு கேள்வி ஒன்றுதான்: “கரண்ட் எப்போது வரும்?” இப்போது சோலார், பேட்டரி, ஹைட்ரஜன், அணுப்பிணைவு என்று பட்டியல் நீண்டுவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கான பதில்கள் இங்கே. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தை உண்டாக்குவது இன்று பெரிய சிக்கல் இல்லை. உண்டானதை வேண்டிய நேரம் வரைக்கும் வைத்திருப்பதுதான் சிக்கல். ஆராய்ச்சிகளில் எவை முக்கியம், எவை வெறும் பரபரப்பு என்பதை நான் இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்கிறேன்.

பகலில் சூரிய மின்சாரம் வேண்டிய மட்டும் கிடைக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் மாலையில் தட்டுப்பாடு?

சூரியன் கிளம்பும் நேரத்தில்தான் நாம் வீடு திரும்புகிறோம். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. நாடு முழுவதும் சேர்த்து சூரிய மின் நிறுவுதிறன் 2025 தொடக்கத்தில் 1 லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. மாலை ஆறரைக்கு இத்தனையும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். வீடுகளில் விளக்கு, மிக்ஸி, தொலைக்காட்சி, ஏசி எல்லாம் விழித்துக்கொள்வதும் அப்போதுதான்.

அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் விடுபட்ட அத்தனை மெகாவாட்டையும் வேறு யாராவது தூக்கிக்கொள்ள வேண்டும். அனல் மின் நிலையம் விறகடுப்பு மாதிரி. கொதிகலன் சூடேற மணிக்கணக்கில் ஆகும், நினைத்தவுடன் ஏற்றி இறக்க முடியாது. அதனால் மாலையில் தேவைப்படுமே என்று பகலிலும் அதைக் குறைந்த அளவில் எரியவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பகலில் அதற்கு இடம் கொடுப்பதற்காகச் சில நாட்களில் சூரிய, காற்றாலை மின்சாரத்தையே குறைத்துக்கொள்ளச் சொல்லும் கூத்தும் நடக்கிறது.

மின்சாரத்தைச் சேமிக்கப் புதிதாக ஏதாவது கண்டுபிடித்தால்தானே வழி?

பழையதிலேயே நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஆனைமலைப் பகுதியில் காடம்பாறை நீரேற்று மின் நிலையம் 1980களின் பிற்பகுதியிலிருந்து இயங்குகிறது. மலையைக் குடைந்து உள்ளே வைத்த 4 எந்திரங்கள், ஒவ்வொன்றும் 100 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும்போது கீழேயுள்ள மேல் ஆழியாறு அணையின் தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். தட்டுப்பாடு வரும்போது அதே தண்ணீர் அதே எந்திரத்தின் வழியாகக் கீழே பாய்ந்து மின்சாரம் தரும். ஏற்றும்போது மோட்டார், இறக்கும்போது ஜெனரேட்டர். 4 யூனிட் செலவழித்தால் சுமார் 3 யூனிட் திரும்பக் கிடைக்கும்.

கட்டிய காலத்தில் இரவில் மிஞ்சும் அனல் மின்சாரத்தை வைத்துத் தண்ணீர் ஏற்றுவதுதான் எண்ணம். இன்று மின்சாரம் மிஞ்சுவது நண்பகலில். எந்திரம் அதுவேதான், ஏற்றும் நேரம்தான் மாற வேண்டியிருக்கிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று நிலையம் கட்டப்படுவதும் இதே தேவைக்காகத்தான். போர்த்திமந்து அணை மேலே, அவலாஞ்சி–எமரால்டு நீர்த்தேக்கம் கீழே. இரண்டுமே ஏற்கெனவே உள்ளவை என்பது பெரிய வசதி.

தண்ணீருக்குப் பதில் கல்லைத் தூக்கி இறக்கிச் சேமிக்கலாம் என்று காணொளி பார்த்தேன். உண்மையா?

உண்மைதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் உற்சாகம் வடிந்துவிடும். சென்னை எல்ஐசி கட்டடம் சுமார் 54 மீட்டர் உயரம். 1 டன் கல்லை அதன் உச்சிக்கு ஏற்றி இறக்கினால் கிடைப்பது 0.15 யூனிட். ஒரு மின்விசிறி இரண்டு மணி நேரம் சுற்றும், அவ்வளவுதான். 1 யூனிட் வேண்டுமானால் அதே கல்லை 367 மீட்டர் தூக்க வேண்டும். தண்ணீர் ஜெயிப்பது எடையால்தான். அணைக்குள் கோடிக்கணக்கான டன்னை இயற்கையே கொண்டுவந்து கொட்டுகிறது, கிரேன் வாடகை கிடையாது. சீனாவில் கற்கட்டிகளைத் தூக்கி இறக்கும் நிலையம் ஒன்றைக் கட்டித்தான் இருக்கிறார்கள். நம்மூர் மலைகளை விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பேட்டரிகளைப் பற்றிய செய்திகளில் மெகாவாட் என்கிறார்கள், மெகாவாட்-மணி என்கிறார்கள். எது எது?

மெகாவாட் குழாயின் பருமன். மெகாவாட்-மணி தொட்டியின் கொள்ளளவு. ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி 2017இல் தொடங்கும்போது 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி. முழு வேகத்தில் திறந்துவிட்டால் 1 மணி 17 நிமிடத்தில் காலியாகிவிடும். “இந்த பேட்டரி இத்தனை ஆயிரம் வீடுகளுக்கு மின்சாரம் தரும்” என்று செய்தி படித்தால், “எத்தனை மணி நேரத்துக்கு?” என்று கேளுங்கள். பாதிச் செய்திகளில் பதில் இருக்காது.

லித்தியம் பேட்டரி திடீரென்று எப்படி இவ்வளவு மலிவானது?

திடீரென்று இல்லை. 2010இல் 1 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரித் தொகுதிக்கு 1,000 டாலருக்கு மேல் ஆனது. 2024இல் உலகச் சராசரி 115 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. செல்போன், அதற்குப் பின் கார் என்று உற்பத்தி பெருகப் பெருக ஆலைகள் கைத்தேர்ச்சி பெற்றன. வேதியியலும் மாறியது. நிக்கலும் கோபால்ட்டும் கலந்த விலையுயர்ந்த வகைக்குப் பதிலாக லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை முன்னுக்கு வந்தது. ஜான் குட்இனஃப் ஆய்வகத்தில் அக்ஷய பாடி என்ற இந்திய ஆய்வாளர் முன்னின்று செய்து 1997இல் வெளியான வேலை அது. குட்இனஃபுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. பாடியின் பெயரோ துறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

இந்த வகையில் பாஸ்பேட் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்வதால் எளிதில் தீப்பற்றாது. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் பெரிய பேட்டரி நிலையம் எரிந்தது நினைவிருக்கலாம். எரிந்தது நிக்கல் வகை, அதுவும் பழைய டர்பைன் கட்டடத்துக்குள் நெருக்கி அடுக்கப்பட்டது. இப்போது அமைக்கப்படும் நிலையங்களில் பேட்டரிகளைத் தனித்தனிப் பெட்டகங்களில், இடைவெளி விட்டு, திறந்தவெளியில் வைக்கிறார்கள்.

உப்பில் பேட்டரி செய்கிறார்களாமே? தூத்துக்குடிக்கு யோகமா?

உப்பளத்துக்கு நேரடி யோகம் இல்லை. சோடியம் அயனி பேட்டரி என்பது லித்தியம் இருந்த இடத்தில் சோடியத்தை வைப்பது. சோடியம் கடலிலும் நிலத்திலும் கொட்டிக் கிடக்கிறது என்பது உண்மை. ஆனால் மூலப்பொருள் மலிவு என்பது லாபத்தில் ஒரு பகுதிதான். லித்தியம் பேட்டரியின் எதிர்மின்முனையில் செம்புத் தகடு வைத்தாக வேண்டும், ஏனென்றால் அலுமினியத்தை வைத்தால் லித்தியம் அதோடு கலந்து கெடுத்துவிடும். சோடியத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. இரண்டு முனைகளிலும் அலுமினியமே போதும். முழுக்கக் காலி செய்து லாரியில் ஏற்றலாம் என்பதால் போக்குவரத்திலும் ஆபத்து குறைவு.

எனக்கு இதில் பிடித்த விஷயம் கொட்டாங்குச்சி. சோடியம் அயனி பெரியது. லித்தியம் பேட்டரியில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் சரியாக உட்காராது. ஒழுங்கற்ற அடுக்குகள் உள்ள கடினக் கரி வேண்டும். அதைச் செய்ய நல்ல மூலப்பொருள்களில் ஒன்று தேங்காய்க் கொட்டாங்குச்சி. யோகம் வருவதாக இருந்தால் பொள்ளாச்சிக்கும் காங்கேயத்துக்கும்தான் முதலில் வரும்.

குறை என்னவென்றால் எடை. சீனாவின் சிஏடிஎல் நிறுவனம் 2021இல் அறிமுகப்படுத்தியபோது கிலோவுக்கு 160 வாட்-மணி என்றது. நல்ல லித்தியம் பேட்டரியைவிடக் குறைவு. காருக்கு இது குறை, ஆனால் துணைமின் நிலையத்தின் மூலையில் அசையாமல் உட்காரப் போகும் பெட்டகத்தின் எடையைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? சீனாவின் ஹூபே மாகாணத்தில் 2024இல் 100 மெகாவாட்-மணி சோடியம் நிலையம் மின்தொகுப்போடு (கிரிட்) இணைந்தது. இந்தியாவில் ரிலையன்ஸ் 2022இல் பிரிட்டனின் ஃபாரடியான் நிறுவனத்தை வாங்கியது. புனேயின் கேபிஐடி நிறுவனமும் 2023இல் இந்தத் தொழில்நுட்பத்தை அறிவித்தது. லித்தியத்தின் விலை சரிந்துகொண்டே போவதுதான் சோடியத்துக்கு இன்று பெரிய எதிரி.

எங்கள் மொட்டைமாடியில் சோலார் இருக்கிறது. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. கேள்வி கேட்பவர்களில் பத்துக்கு ஐந்து பேர் இதைத்தான் கேட்கிறார்கள், விற்றவர் முன்பே சொல்லியிருக்கலாம். மின்தொகுப்போடு இணைந்த சோலார் இன்வெர்ட்டர் பின்பாட்டுக்காரர். வெளியிலிருந்து வரும் அலையைக் கேட்டு, அதே தாளத்தில் தானும் சேர்ந்து பாடும். முன்பாட்டு நின்றால் அதுவும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று விதியே இருக்கிறது. இல்லாவிட்டால் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயும்.

பழைய மின்வெட்டுக் காலத்தில் வீட்டில் வாங்கி வைத்தோமே, ஈய பேட்டரியுடன் ஓர் இன்வெர்ட்டர், அது வேறு சாதி. கரண்ட் போனதும் தானே 50 ஹெர்ட்ஸ் அலையை, அதாவது விநாடிக்கு 50 முறை துடிக்கும் அலையை, உருவாக்கி மின்விசிறியைச் சுற்ற வைக்கும். அந்த எளிய பெட்டிக்குத் தெரிந்த வித்தையைத்தான் இன்று நூற்றுக்கணக்கான மெகாவாட் அளவில் செய்ய உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது. அடுத்த பதிலைப் படித்தால் ஏன் என்று புரியும்.

ஒரு குரங்கால் இலங்கை முழுவதும் இருண்டது என்றார்களே, அது எப்படி நடக்கும்?

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதாக அமைச்சரே சொன்னார். நாடு முழுவதும் மின்சாரம் போனது. குரங்கை வைத்து உலகமே சிரித்தது. குரங்கும் அணிலும் எல்லா ஊரிலும்தான் மின்கம்பிகளில் விழுகின்றன. அன்று என்ன வேறுபாடு என்பதுதான் கேள்வி.

அன்று விடுமுறை, தேவை குறைவு. நல்ல வெயில், மொட்டைமாடி சோலார் மின்சாரம் ஏராளம். அதனால் சுழன்றுகொண்டிருந்த பெரிய எந்திரங்கள் குறைவு. அனல் மின் நிலையத்தின் நீராவி டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும், அதிலிருந்துதான் 50 ஹெர்ட்ஸ் வருகிறது. பல டன் எடையுள்ள அந்த எஃகு உருளைக்கு நிலைமம் இருக்கிறது. எங்கோ ஒரு பழுது ஏற்பட்டால் அது உடனே வேகம் இழக்காது, அந்த ஓரிரு விநாடி அவகாசத்தில் மற்ற நிலையங்கள் சுதாரித்துக்கொள்ளும். மாவு அரைக்கும் கிரைண்டரை அணைத்த பிறகும் கல் கொஞ்ச நேரம் சுற்றுகிறதே, அதே கதை. சோலார் தகட்டில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. நிலைமம் மெலிந்த தொகுப்பில் சின்ன இடறலும் சங்கிலியாக நிலையங்களை வெளியே தள்ளிவிடும். நுரைச்சோலை அனல் மின் நிலையமும் விலகியது. அது மீண்டு வரச் சில நாட்கள் ஆனதால் நாட்டில் மின்வெட்டு அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது, மொட்டைமாடி சோலாரைப் பகலில் அணைத்து வையுங்கள் என்று இலங்கை மின்சார சபை மக்களிடம் கேட்டுக்கொண்டது. சூரியனைப் பார்த்து “கொஞ்சம் குறைத்துக்கொள்” என்று கெஞ்சும் நிலைமை.

அதற்கு மாற்று என்ன? சோலாரைக் குறைப்பதா?

தாளம் போடத் தெரிந்த இன்வெர்ட்டர்களை வைப்பது. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுதும் இருண்டது. புயலில் கோபுரங்கள் சாய்ந்தன. காற்றாலைகள் பாதுகாப்பு அமைப்பின்படி அடுத்தடுத்து விலகிக்கொண்டன. அதற்குப் பிறகுதான் ஈலான் மஸ்க் நூறு நாளில் கட்டித் தருகிறேன், இல்லாவிட்டால் காசு வேண்டாம் என்று சவால் விட்டு ஹார்ன்ஸ்டேல் பேட்டரியைக் கட்டிக் கொடுத்தார். எல்லோருக்கும் அந்தச் சவால் நினைவிருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதே பேட்டரியில் 2022இல் நடந்த மாற்றம். இன்வெர்ட்டர்களின் மென்பொருளை மாற்றி, சுழலும் எந்திரம் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்ளச் செய்தார்கள். பேட்டரி பின்பாட்டிலிருந்து முன்பாட்டுக்கு வந்தது.

இதோடு, எரிபொருளே இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் பெரிய எந்திரங்கள் நான்கையும் அந்த மாநிலம் 2021இல் நிறுவியது. வேலை, நிலைமம் தருவதும் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதும். மூடப்போகும் பழைய அனல் மின் நிலையங்களின் ஜெனரேட்டர்களை இப்படி மாற்றிப் பயன்படுத்தலாம். பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம்.

புகளூரில் நேர்திசை மின்சாரம் வருகிறதாமே? எடிசன் காலத்திலேயே தோற்றுப்போனதுதானே அது?

எடிசனுக்கு அன்று மின்னழுத்தத்தை ஏற்றி இறக்க வழியில்லை. மாறுதிசை மின்சாரத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது, அது ஜெயித்தது. இன்று சிலிக்கான் சாதனங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் பக்கம் புகளூர் வரை சுமார் 1,750 கிலோமீட்டர், 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட். இவ்வளவு தூரத்துக்கு மாறுதிசையைவிட நேர்திசையில்தான் இழப்பு குறைவு. வடக்கின் நிலக்கரி மின்சாரம் தெற்கே வரலாம், ஆடிக் காற்றில் நம் காற்றாலைகள் பொழியும்போது வடக்கே திருப்பியும் அனுப்பலாம். புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் இணைப்பு 2021இல் திறக்கப்பட்டது. கேரளத்தில் கோபுரத்துக்கு இடம் கிடைக்காததால் அதில் ஒரு பகுதி நிலத்தடிக் கேபிள்.

ஆடியில் காற்று, மார்கழியில் இல்லை. மாதக்கணக்கில் சேமிக்க ஹைட்ரஜன் உதவுமா?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும், ஆனால் அந்தக் காற்றைத் தை மாதத்துக்கு எடுத்து வைப்பது கடினம். தண்ணீரைப் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும். அதைத் திரும்ப மின்சாரமாக்கினால் 16, 17 யூனிட் கிடைக்கும். பத்து கொடுத்து மூன்று வாங்கும் வியாபாரம். ஹைட்ரஜனுக்கு உரிய இடம் உர ஆலை, எஃகு ஆலை, சுத்திகரிப்பு ஆலை. அங்கே அது மூலப்பொருளாகவே தேவைப்படுகிறது, மறுபடி மின்சாரமாக்கி இழக்க வேண்டியதில்லை. 2023இல் மத்திய அரசு அறிவித்த பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

கல்பாக்கம் ஈனுலையை இத்தனை ஆண்டுகளாகக் கட்டுகிறார்களே?

ஈனுலை என்பது எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் அணு உலை, அதற்கு வேகமான நியூட்ரான்கள் வேண்டும். கல்பாக்கத்தில் 2004இல் வேலை தொடங்கியது. உலையின் மையப்பகுதியை நிரப்பும் வேலை தொடங்கியது 2024 மார்ச்சில். 500 மெகாவாட். தாமதத்தைப் பற்றிக் குறை சொல்வது நியாயம்தான், ஆனால் எது கடினம் என்பதையும் பார்க்க வேண்டும். வேகமான நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கக் கூடாது என்பதால் குளிர்விக்கத் தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியம் ஓடுகிறது. பேட்டரியில் சாதுவாக இருந்த அதே சோடியம் இங்கே காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஜப்பானின் மோஞ்சு உலை 1995இல் சோடியம் கசிந்து, பின்னர் தேறவே இல்லை. பிரான்ஸ் தன் பெரிய ஈனுலையை 1990களிலேயே மூடியது. ரஷ்யா மட்டும் 1980இலிருந்து ஓட்டிக்காட்டுகிறது. நமக்கு இதில் ஆசை விடாததற்குக் காரணம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் தோரியம். யுரேனியம் குறைந்த நாடு, தோரியத்தை எரிக்கும் கட்டத்துக்குப் போக வேண்டுமானால் ஈனுலை வழியாகத்தான் போக வேண்டும் என்பது ஹோமி பாபா வகுத்த பாதை.

அணுப்பிணைவு வந்துவிட்டதாகப் படித்தேனே?

சூரியனுக்குள் நடப்பது போல லேசான அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுப்பதுதான் அணுப்பிணைவு. 2022 டிசம்பரில் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். அறிவியலுக்குப் பெரிய நாள். அந்த லேசரை ஓட்ட மின்தொகுப்பிலிருந்து இழுத்தது ஏறத்தாழ 300 மெகாஜூல். மின்கட்டண ரசீதில் அது வர நான் காத்திருக்கவில்லை.

அறை வெப்பநிலை மீக்கடத்தி?

மீக்கடத்தி என்றால் இழப்பே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். 2023 ஜூலையில் எல்கே-99 என்ற பொருளை உலகம் இரண்டு வாரம் கொண்டாடியது, பிறகு அது மீக்கடத்தியே இல்லை என்று தெரிந்தது. திரவ நைட்ரஜனில் குளிர்வித்த மீக்கடத்திக் கேபிள் மட்டும் ஜெர்மனியின் எசன் நகரில் 2014இல் 1 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்டது.

பெரோவ்ஸ்கைட் தகடு வரும் வரை காத்திருந்து சோலார் போடலாமா?

காத்திருக்க வேண்டாம். சிலிக்கான் தகட்டின் திறன் கோட்பாட்டளவில் சுமார் 29 விழுக்காட்டுக்கு மேல் போகாது. அதன் மேல் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளைப் படலமாகப் பூசினால் நீல ஒளியை மேலடுக்கும் சிவப்பு ஒளியைக் கீழடுக்கும் பிடித்துக்கொள்ளும். சோதனைக்கூடத்தில் 34 விழுக்காட்டைத் தாண்டிவிட்டார்கள். 2009இல் ஜப்பானில் முதன்முதலில் செய்தபோது அது 4 விழுக்காடுகூட இல்லை. ஆனால் ஈரமும் வெப்பமும் அதற்கு ஆகாது, நம் கடற்கரை ஊர்களில் கிடைப்பது அவை இரண்டும்தான். இருபத்தைந்து ஆண்டு தாக்குப்பிடித்துக் காட்டிய பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

இன்றைய சிலிக்கான் தகடே வீட்டுக்குப் போதும். 2024இல் அறிவித்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். வாங்கும்போது, பின்னால் பேட்டரி சேர்க்க வசதியுள்ள ஹைப்ரிட் இன்வெர்ட்டரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தகடு தெற்கு பார்த்து, பத்து டிகிரி போலச் சாய்ந்திருந்தால் நம் ஊருக்குச் சரி. பக்கத்து வீட்டுத் தென்னையை முதலில் பாருங்கள். தகடுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், மதியம் ஒரு மட்டையின் நிழல் ஒரு தகட்டின் மூலையில் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தியும் இறங்கிவிடும்.